தமிழில் காதல் நாவல் படிக்கத் தொடங்குபவருக்கு: எதை எடுக்கலாம், எங்கே சிக்கும்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி வரை தமிழ் படித்தவர் நீங்கள். ஆங்கிலத்தில் காதல் நாவல் என்றால் வாரத்துக்கு ஒன்று முடித்துவிடுகிறீர்கள், தமிழில் மட்டும் முப்பது பக்கம் தாண்டுவதற்குள் புத்தகத்தை வைத்துவிடுகிறீர்கள். அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்த இரண்டு ரமணிசந்திரன் நாவல்களும் பிடிக்கவில்லை. ‘இதைவிடச் சிறந்தது தமிழில் இல்லை’ என்று தோழி கொடுத்த ‘மோகமுள்’ளும் நகரவில்லை. அதனால் ‘உங்களுக்குப் பிடித்த காதல் நாவல்கள் எவை, ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால் பதிலாகிவிடும், ஆனால் உங்களுக்கு உதவாது. இதுவரை எடுத்தவை ஏன் சிக்கின, எந்த வரிசையில் எடுத்தால் சிக்காது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். எனக்குப் பிடித்தவற்றை அந்த வழியாகவே சொல்கிறேன். ஆண்டு, விருது, திரைப்படம் போன்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எது உயர்ந்தது, எது சுமார் என்று நான் சொல்லும் இடங்கள் ரசனை சார்ந்தவை, அவற்றோடு தாராளமாகச் சண்டை போடுங்கள்.

காதல் நாவலை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நாயகன் எப்படி, நாயகி எப்படி என்று முதலில் பார்ப்பதில்லை, இருவருக்கும் நடுவே நிற்கும் தடை என்ன என்றுதான் பார்ப்பேன். அந்த இருவரையும் நம் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் அரை மணி நேரம் எதிரெதிரே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் கதை முடிந்துவிடுமா? முடிந்துவிடும் என்றால் அந்தத் தடை மெலிந்தது. முந்நூறு பக்கத்துக்கு அது தாங்காது, நடுவில் ஆசிரியர் விபத்தையோ, ஒட்டுக்கேட்ட பாதிப் பேச்சையோ, கிடைக்காமல் போன கடிதத்தையோ கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாக வேண்டும். பேசினாலும் தீராது என்றால், அதாவது தடை அவர்கள் குணத்திலோ, வாழும் காலத்திலோ, தாமே எடுத்த முடிவிலோ இருந்தால், நாவல் தன் காலில் நிற்கும். ஆங்கிலத்தில் நீங்கள் விரும்பிப் படித்ததாகச் சொன்ன ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் எலியட்டும் வென்ட்வொர்த்தும் எட்டு ஆண்டுகள் பிரிந்திருந்ததற்கு வில்லன் யாருமில்லை. தாயைப் போல மதித்தவரின் பேச்சைக் கேட்டு அவளே உறவை முறித்தாள். எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறவனிடம் அரை மணி நேரத்தில் அதைச் சொல்லித் தீர்க்க முடியாது, அதனால்தான் அந்தச் சிறிய புத்தகம் இன்றும் வலிக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழுக்குள் வாருங்கள்.

முதல் புத்தகமாக நான் சொல்வது கல்கியின் ‘கள்வனின் காதலி’. 1937-இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கல்கி எழுதிய முதல் நாவல். இதை முதலில் வைப்பதற்கு இலக்கியக் காரணத்தைவிட நடைமுறைக் காரணங்களே அதிகம். அத்தியாயங்கள் சிறியவை, நான்கைந்து பக்கத்தில் ஒன்று முடியும், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இழுக்கும் இடத்தில் நிற்கும். வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதன் பலன் அது. நடை பேச்சுக்கு நெருக்கமானது, பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டே ஓடிவிடலாம். ‘பொன்னியின் செல்வன்’ போல ஐந்து தொகுதி இருக்கிறதே என்ற பயமும் இல்லை. கொள்ளிடக் கரையில் முத்தையனும் கல்யாணியும் நேசிக்கிறார்கள். தங்கை அபிராமியைக் கரைசேர்க்க வேண்டிய பொறுப்பு முத்தையனுக்கு, கல்யாணிக்கோ வயதான பணக்காரரோடு கல்யாணம் நடந்துவிடுகிறது. அவன் திருடனாவது அதற்குப் பிறகு. இந்தக் கதையிலும் ஒரு தவறான புரிதல் வருகிறது, முடிவே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆனால் அது வரும் இடத்தைக் கவனியுங்கள்: விளக்கம் சொல்ல நேரமே இல்லாத இடத்தில் வருகிறது. தவறான புரிதலை ஒரு நாவலில் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1955-இல் படமாகவும் வந்தது, சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தார்கள். படத்தை முதலில் பார்க்காதீர்கள், முடிவின் அடி தளர்ந்துவிடும்.

இரண்டாவதாக லட்சுமி. இயற்பெயர் திரிபுரசுந்தரி. மருத்துவர், பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர், ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். காதல் நாவலுக்காகத் தேடினால் ‘பெண் மன’த்தை எடுங்கள். 1963-இல் வந்த ‘இருவர் உள்ளம்’ படம் இதிலிருந்து உருவானதுதான், திரைக்கதை கருணாநிதி. பெண்ணுக்கு விருப்பமில்லாத திருமணத்தில் தொடங்கி, அந்த வீட்டுக்குள்ளேயே நேசம் பிறக்கிறதா என்று பார்க்கும் கதை. தமிழ்க் குடும்ப நாவல்களின் பெரும்பகுதி இந்த அச்சில் வார்க்கப்பட்டது. அதனால் இதை ஒருமுறை நல்ல கையால் எழுதப்பட்டதாகப் படித்துவிடுவது முக்கியம். பிறகு வரும் நூறு நாவல்களில் யார் உழைத்திருக்கிறார், யார் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். லட்சுமியிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், சம்பளத்தை எண்ணுகிறார்கள், வாடகை கட்டுகிறார்கள் என்பதுதான். காதலுக்கு அடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பதிப்புகளில் காசுக் கணக்கு குழப்பினால் இதை நினைவில் வையுங்கள்: இந்தியாவில் 1957 வரை ரூபாய்க்கு 16 அணா. எட்டணா என்றால் அரை ரூபாய்.

இப்போது அம்மாவின் அலமாரிக்கு வரலாம். ரமணிசந்திரனை நீங்கள் இரண்டு புத்தகத்தோடு நிறுத்தியது எனக்கு வருத்தம்தான். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவரை, கையில் அகப்பட்ட இரண்டை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இது: ‘பணக்காரன், கர்வக்காரன், அவளைத் தப்பாக நினைக்கிறான், அவள் விளக்கம் சொல்ல மாட்டேன் என்கிறாள், கடைசிப் பத்துப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.’ ஆம், அந்த அமைப்பு பல நாவல்களில் திரும்ப வரும், காப்பிக் கடைக் கேள்வியை வைத்தால் அவற்றில் பாதி விழுந்துவிடும். அப்படியிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இவரைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் கதைமுடிச்சில் இல்லை. அவள் ஏன் விளக்கம் சொல்ல மறுக்கிறாள் என்பதில் இருக்கிறது. ‘என்னை நம்பாதவனிடம் நான் ஏன் நிரூபித்துக் காட்ட வேண்டும்?’ என்ற தன்மானம் அது. கையில் காசில்லாத, பின்னால் நிற்க ஆளில்லாத பெண்ணுக்கு மிஞ்சிய ஒரே சொத்து அந்த மௌனம். அதை ஆசிரியர் எங்கே உறுதியாகக் கட்டியிருக்கிறாரோ அந்த நாவல் நிற்கிறது, எங்கே பக்கத்தை நிரப்பப் பயன்படுத்தியிருக்கிறாரோ அங்கே சரிகிறது. ‘வெண்மையில் எத்தனை நிறங்கள்’, ‘மயங்குகிறாள் ஒரு மாது’, ‘அடிவாழை’ மூன்றில் ஒன்றை எடுத்து, ஒரே மூச்சில் முடிக்கப் பாருங்கள். இவரை வாரக்கணக்கில் இழுத்துப் படித்தால் ருசிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம், அந்த வேகத்துக்குத்தான் அவர் எழுதினார்.

ரமணிசந்திரனைப் பற்றி இன்னொன்று. மில்ஸ் அண்ட் பூன் நாவல்களின் தமிழ் வடிவம் என்று பலர் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். அமைப்பில் ஒற்றுமை இருப்பது உண்மை: கதைக்கு நீளக் கட்டுப்பாடு உண்டு, முடிவு மங்களம், நாயகன் வசதியானவன். அதைத் தாண்டி ‘அங்கிருந்து எடுத்தார்’ என்று சொல்வதை நான் ஏற்கத் தயாரில்லை. ஆங்கில நாவலில் இரண்டு பேர் மட்டுமே கதை. இவரிடம் அத்தை, கொழுந்தன், வீட்டு வேலைக்காரம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோரும் அந்தக் காதலில் பங்குதாரர்கள். ஒரு பெண் அந்த வீட்டில் பெறும் மரியாதை எத்தனை அங்குலம் கூடியது, குறைந்தது என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே காட்டிவிடுவார். ஆங்கிலக் காதல் நாவலுக்குப் பழகிய கண் இந்த இடங்களைத் தாண்டி ‘அவர்கள் இருவரும் எப்போது பேசுவார்கள்?’ என்று தேடிக்கொண்டே போவதால்தான் கதை காலியாகத் தெரிகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றும் முடிந்ததா? அடுத்தது என் மனத்துக்கு மிக நெருக்கமான புத்தகம்: ‘சிவகாமியின் சபதம்’. கல்கி பத்திரிகையில் 1944 முதல் 1946 வரை வந்தது. நான்கு பாகம்: பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு. ‘பொன்னியின் செல்வ’னைப் படம் வந்த பிறகு எல்லோரும் எடுத்தார்கள், நல்லது. ஆனால் காதல் கதை வேண்டும் என்றால் இதற்குப் பக்கத்தில் அது வராது. மாமல்லன் எனப்படும் பல்லவ இளவரசன் நரசிம்மன், சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி. இளவரசனுக்கும் சிற்பி மகளுக்கும் இடையே உள்ள அந்தஸ்து வித்தியாசம்தான் தடை என்று முதல் பாகத்தில் நினைப்பீர்கள். இரண்டாம் பாகத்தில் போர் தடையாகிறது. மூன்றாம் பாகத்தில்தான் உண்மையான தடை வருகிறது, அதை வைப்பவள் அவளே. வாதாபியில் சிறைப்பட்டிருக்கும் சிவகாமி, இந்த நகரம் எரிந்து சாம்பலாகும் வரை இங்கிருந்து வெளியேற மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லன் உயிரைப் பணயம் வைத்து மாறுவேடத்தில் அழைத்துப்போக வருகிறான். வர மறுக்கிறாள். அந்த இரவு உரையாடலை நிதானமாகப் படியுங்கள். இருவரும் எதிரெதிரே நின்று மனம்விட்டுப் பேசுகிறார்கள், ஒளிவுமறைவு எதுவுமில்லை, ஆனாலும் தீரவில்லை. அவள் பக்கமும் நியாயம், அவன் பக்கமும் நியாயம். தமிழ் நாவலில் இவ்வளவு கனமான தடை வேறு எங்கும் எனக்குத் தென்படவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று கேட்பீர்கள். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், இரண்டாம் புலிகேசி, படைத்தலைவர் பரஞ்சோதி எல்லோரும் வரலாற்றில் இருந்தவர்கள். வாதாபி 642 வாக்கில் பல்லவரிடம் வீழ்ந்ததும் வரலாறு. சிவகாமியும் ஆயனரும் கல்கியின் படைப்பு. வாசகர்கள் கைவிடும் இடம் பெரும்பாலும் முதல் பாகத்தின் நடுப்பகுதி, பரஞ்சோதி ஓலையோடு வடக்கே போகும் அத்தியாயங்கள். காதலர்கள் இல்லாத பக்கங்கள் அவை. அங்கே வேகமாகப் புரட்டினால் தப்பில்லை, ஆனால் புத்த பிக்ஷு நாகநந்தி பேசும் எந்த இடத்தையும் தாண்டாதீர்கள், மூன்றாம் பாகம் புரியாது. சுருக்கப் பதிப்பு எதையும் வாங்க வேண்டாம். சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது நாட்டியக் காட்சிகளையும் மனக்குழப்பத்தையும், அவை போனால் மிஞ்சுவது போர்க் கதை.

பழைய நாவல்களில் பெண்கள் ஏன் இப்படிப் பொறுத்துப்போகிறார்கள், கதவைத் திறந்துகொண்டு போய்விட வேண்டியதுதானே என்ற எரிச்சல் இன்று படிக்கிறவர்களுக்கு வரும், உங்களுக்கும் வரும். அதற்குக் கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் இந்தியாவில் 1955-இல் வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு முன்பே 1949-இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதையில் கணவன் இன்னொருத்தியை மணந்துகொள்ளலாம், மனைவி பிரிந்து வேறு வாழ்க்கை தொடங்கச் சட்டப்படி பெரும்பாலும் வழி இல்லை. சிங்கப்பூரில் திருமணச் சட்டமான மாதர் சாசனம் 1961-இல் வந்தது. நம் பாட்டிமார்களில் பலர் அதற்கு முன் மணமானவர்கள். ஆகவே ஒரு நாவலை எடுத்ததும் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். 1940-இல் நிற்கும் தடை 1970-இல் நிற்காது. 1970-இல் நடக்கும் கதையில் ஆசிரியர் 1940-இன் தடையை வைத்தால் அதுதான் சோம்பல்.

இந்த இடத்தில் ஒரு சிக்கலான உதாரணம், அகிலனின் ‘சித்திரப்பாவை’. 1975-இல் ஞானபீட விருது பெற்றது, தமிழுக்குக் கிடைத்த முதல் ஞானபீடம் அது. ஓவியன் அண்ணாமலையை நேசிக்கும் ஆனந்தியை, மாணிக்கம் அவள் சம்மதம் இல்லாமல் முத்தமிட்டுவிடுகிறான். ஒருவன் தொட்டபின் இன்னொருவருக்கு உரியவளாக முடியாது என்று எண்ணி அவனையே மணந்துகொள்கிறாள். இன்றைய வாசகர் பலர் இங்கேயே புத்தகத்தை வீசிவிடுவார்கள். இங்கே தடை அவள் மனத்தில் ஊறிப்போன ஒரு நம்பிக்கை, சட்டமோ வில்லனோ பிறகுதான். அந்த நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கிறது என்பதைத்தான் நாவல் முழுக்கக் காட்டுகிறார். முழுவதும் படித்தவர்களிடமும் கருத்து பிளவுபட்டுத்தான் இருக்கிறது: அகிலன் அந்த நம்பிக்கையைச் சாடுகிறார் என்பார் சிலர், உடைப்பதற்கு இவ்வளவு பக்கம் காத்திருந்ததே அதற்குத் துணைபோனது என்பார் சிலர். நான் முதல் கட்சி, ஆனால் முழு உறுதியோடு இல்லை. கடைசிவரை படிக்கும் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள். பாதியில் விட்டால் கோபம் மட்டுமே மிஞ்சும்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நிறையப் பேருக்கு வாழ்க்கைப் புத்தகம். அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்குப் பிடித்துப்போனது என்று சொல்வார்கள். மதுரையில் நடக்கும் கதை, இருவரும் இலட்சியவாதிகள். எனக்குப் பிடிக்கும், ஆனால் உங்களுக்கு இப்போது பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரங்கள் மேடையில் பேசுவது போலவே வீட்டிலும் பேசுவார்கள், செந்தமிழ் நடை. இன்னும் நான்கைந்து புத்தகம் படித்து வாய் பழகிய பிறகு எடுத்தால் அந்தத் தமிழே இன்பமாக இருக்கும்.

சாண்டில்யன் வேறு வகை. ‘யவன ராணி’, ‘கடல் புறா’ இரண்டும் குமுதத்தில் தொடராக வந்து ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டவை. ‘கடல் புறா’வில் நமக்கு ஒரு கூடுதல் ருசி: கதை கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயப் பேரரசின் கடலுக்கு வந்துவிடும். காஞ்சனா தேவியின் கடாரம் என்பது இன்றைய கெடா, இங்கிருந்து காரிலேயே போய் வரலாம். குறையையும் சொல்லிவிடுகிறேன். பெண்களின் அழகை வருணிக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று பக்கம் நிறுத்த மாட்டார், அதுவும் தலைமுதல் கால்வரை. பிடிக்காதவர்கள் அதைத் தாண்டிப் போங்கள், கதை ஒன்றும் தவறாது.

‘மோகமுள்’ளை உங்களுக்குத் தோழி சீக்கிரம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். இது என் பட்டியலில் ‘சிவகாமியின் சபத’த்துக்குச் சமமாக நிற்பது. தி. ஜானகிராமன் சுதேசமித்திரனில் தொடராக எழுதியது, 1995-இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் படமாக வந்தது. கும்பகோணத்தில் படிக்கும் பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா. மராட்டியத் தாய்க்கும் ஐயருக்கும் பிறந்தவள் என்பதால் வருகிற வரன்கள் எல்லாம் தட்டிப்போகின்றன. பாபு தன் மனத்தைச் சொல்லியும் விடுகிறான். அதனால் பேசாமல் இருப்பது இங்கே பிரச்சினையே இல்லை. அவள் அவனைச் சின்னப் பையனாகவே பார்க்கிறாள். அவன் அவளைத் தெய்வமாகவும் பார்க்கிறான், ஆசையோடும் பார்க்கிறான், இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவனுக்கே தெரியவில்லை. நடுவில் ரங்கண்ணாவிடம் கற்கும் சங்கீதம் வேறு அவனை இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஆண்டுகள் ஓடுகின்றன. காத்திருப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை இப்படி நுணுக்கமாக எழுதியவர் தமிழில் வேறு ஒருவர் இல்லை என்பது என் துணிபு.

நீங்கள் முப்பது பக்கத்தில் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் பேச்சு வழக்காகத்தான் இருக்கும். தஞ்சாவூர்ப் பிராமண வழக்கு, ‘வந்துண்டிருக்கா’, ‘போங்கோ’, ‘ஆத்துலே’, ‘சித்தே இரு’ என்று ஓடும். கண்ணால் படித்தால் தடுக்கும், வாயால் படித்தால் தடுக்காது. முதல் இரண்டு அத்தியாயத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படியுங்கள். ‘உண்டு’ வரும் இடத்தில் ‘கொண்டு’ போட்டுக்கொண்டால் வினைச்சொற்களில் பாதி தெளிந்துவிடும். ‘ஆம்’ என்றால் வீடு, ‘ஆத்துலே’ என்றால் வீட்டில். ரேழி என்பது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடை. இவ்வளவு போதும், அகராதியை மூடிவிடுங்கள். சங்கீதம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ராகப் பெயர் தெரியாமலே அந்தப் பக்கங்களின் பரவசம் வந்து சேரும். மூன்றில் ஒரு பங்கு தாண்டும்போது தங்கம்மா வரும் அத்தியாயங்கள் மனத்தைப் பிசையும், சிலர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், பாபுவின் குற்ற உணர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறதே என்று மலைத்தால் அதே ஆசிரியரின் ‘அம்மா வந்தாள்’ நாவலை முதலில் படித்து வழக்கைப் பழகிக்கொள்ளலாம். அதில் பாதிக்கும் குறைவான நீளம். வேதபாடசாலையில் படித்த அப்புவை, இளம் வயதில் கணவனை இழந்த இந்து நேசிக்கிறாள், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்கிறாள். 1966-இல் அப்படி ஒரு பெண்ணை எழுதினார். ஆனால் நாவலின் கனம் அப்புவின் தாய் அலங்காரத்தின் மேல் இருக்கிறது, காதல் அதன் ஒரு கை மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

இணையத்தில் தொடராக வருபவை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இன்று தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்படும் காதல் கதைகள் அங்கேதான் எழுதப்படுகின்றன, கிண்டிலிலும் பிரதிலிபி தளத்திலும் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கடலில் நான் கரையோரமாகவே நடந்திருக்கிறேன், அதனால் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை மட்டும் சொல்கிறேன். முடிந்த கதையா என்று பாருங்கள், ‘எபி’ (எபிசோடு, அதாவது அத்தியாயம்) வந்துகொண்டிருக்கும் கதை நடுவிலே நின்றுபோவது சாதாரணம். முப்பது எபியில் முடிய வேண்டியது எண்பதுக்கு நீண்டிருந்தால் நடுப்பகுதி நிச்சயம் தொய்யும், வாசகர் கருத்துகளைப் பார்த்து ஆசிரியர் நீட்டியிருப்பார். ‘ஆன்டி ஹீரோ’ என்று குறிப்பு இருந்தால் நாயகன் வற்புறுத்துபவன், சில சமயம் வன்முறை செய்பவன், கடைசியில் மன்னிக்கப்படுபவன் என்று பொருள் கொள்ளுங்கள். அந்த மன்னிப்பு எனக்கு ஒருபோதும் ஒப்பாது. முதல் ஐந்து எபியில் நாயகிக்கு வேலை, படிப்பு, தோழி என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிறகும் வராது.

நம் ஊர் எழுத்தில் சிறுகதைக்குத்தான் வலு அதிகம், முழுநீளக் காதல் நாவல்கள் குறைவு. இங்கே அரை நூற்றாண்டில் வெளிவந்த தமிழ் நூல்களை மின்மயமாக்கித் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் சிறுகதைத் தொகுப்புகளைப் புரட்டினால் ரப்பர்த் தோட்டத்திலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலும் நடக்கும் காதல்கள் கிடைக்கும்.

புத்தகம் கிடைக்கும் வழி. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் ‘கள்வனின் காதலி’யும் ‘சிவகாமியின் சபத’மும் இலவசமாக இருக்கின்றன. மற்றவற்றுக்கு நூலகம் போதும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்தியப் பொது நூலகத்தில் முதலில் தேடுங்கள், வட்டார நூலகங்களில் தமிழ்ப் பகுதி ஒரே அளவில் இருக்காது. இணையப் பட்டியலில் தமிழ் எழுத்திலேயே தேடுவது நல்லது. ஆங்கில எழுத்தில் தேடுவதாக இருந்தால் நூலக ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்ற வேண்டும்: க வரும் இடமெல்லாம் ‘கே’ (k), ச வரும் இடமெல்லாம் ‘சி’ (c), த வரும் இடமெல்லாம் ‘டி’ (t). மோகமுள்ளுக்கு ‘ஜி’யும் (g) சபதத்துக்கு ‘எஸ்’ஸும் (s) போட்டுத் தேடிவிட்டு, புத்தகம் இல்லை என்று திரும்பியவர்கள் பலர். இரவல் காலம் 21 நாள், வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் ஒருமுறை நீட்டிக்கலாம், ஆக 42 நாள். ‘மோகமுள்’ளுக்கு நாளைக்குப் பதினைந்து பதினாறு பக்கம், வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு வழிப் பயணத்துக்குள் முடிகிற அளவு. நான்கு பாகமும் தனித்தனியாக உள்ள பதிப்பில் ‘சிவகாமியின் சபதம்’ எடுத்தால், முதல் பாகத்தை வாங்கும்போதே இரண்டாம் பாகம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். மூன்றாம் பாகம் முடியும் இரவில் நான்காவது கையில் இருக்க வேண்டும்.